பைபர் போட்டுக்கு எத்தனை மி.மீ. போடணும்? (கேள்வியே கொஞ்சம் தப்பு)

கேள்வி, ஜூன் 2
7 மீட்டர் திறந்த மீன்பிடி போட், அவுட்போர்டு இன்ஜின். எங்க போட் கட்டற யார்டுல வழக்கமா 4 மேட் (கண்ணாடி நார் விரிப்பு) 2 ரோவிங் (கண்ணாடி நார்ப் பின்னல் துணி) போடறோம், இதுவரைக்கும் ஒரு போட்டும் உடைஞ்சு வரல. இப்ப வாங்க வந்தவர் ஸ்டாண்டர்டு படி கட்டினதுன்னு பேப்பர்ல எழுதிக் குடுங்கன்றார். இன்னொரு மேட் சேர்த்து தடிமனா கட்டிட்டா எந்த ஸ்டாண்டர்டா இருந்தாலும் உள்ள வந்துடும்னு நான் சொல்றேன். சரியா தப்பா?

ஜூன் 2, ராத்திரி 9.50
தப்பு. பாதி தப்பு. நானும் இதே மாதிரி யார்டு, இதே வேலை, பதினாறு வருஷமா போட்டுக்கு மேட் போட்டு போட்டே கை வெந்து போன ஆளு, அதனால கோவிச்சுக்காதீங்க. "இதுவரைக்கும் உடையல"ன்னா உடைஞ்சது உங்ககிட்ட திரும்பி வரலன்னு தான் அர்த்தம், யாரும் ஓட்டை விழுந்த போட்டை இழுத்துக்கிட்டு கட்டினவன் வாசலுக்கு வர மாட்டான், பக்கத்துல கிடைக்கற ஆள வச்சு ஒட்டிக்கிட்டு போயிடுவான்.

தடிமன் கூட்டினா எடை கூடும், எடை கூடினா போட் தண்ணில அமிழும், ஓரத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கற உசரம் குறையும். உள்ள தண்ணி பூந்துட்டா மிதக்க வைக்கறதுக்கும் கூட நுரை வேணும், 350 கிலோ பைபர்னா அதுக்கே 350 லிட்டர் நுரை. இதெல்லாம் யோசிக்காம மேட்டை சுத்திக்கிட்டே இருந்தா அது போட் இல்ல, தொட்டி.

ஜூன் 2, ராத்திரி 10.05
எங்கயுமே கூட்டாதீங்கன்னு சொல்லல. ஏரா (அடியோட நடு முதுகெலும்பு), அடியும் பக்கமும் சேர்ற மூலை, அணியம் (முன் முனை), டிரான்சம் (இன்ஜின் மாட்டற பின்பலகை) மூலை, இங்கல்லாம் ரெண்டு பக்கத்து லேயரும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி தானாவே டபுள் ஆகற மாதிரி போடணும். நான் திட்டறது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தடிமன் ஏத்தறத.

ஜூன் 3, காலைல
ராத்திரி தூக்கம் வரல, கால்குலேட்டர் எடுத்துட்டேன்.

நீங்க சொன்ன 4 மேட் 2 ரோவிங்க நான் இப்படி வச்சுக்கறேன்: ஜெல்கோட்டுக்கு (வெளிப்பக்கப் பூச்சு) அடுத்து 300 மேட் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), அப்புறம் 450 மேட், 600 ரோவிங், 450 மேட், 600 ரோவிங், கடைசியா 450 மேட். 450 மேட் ஒரு லேயர் ரெசினோட சேர்ந்து 1 மி.மீ.க்கு மயிரிழை அதிகம், 300 மேட் 0.7, 600 ரோவிங் நல்லா உருட்டி காத்து எடுத்திருந்தா 0.7 சொச்சம். மொத்தம் 5.3 மி.மீ. வருது. எடை சதுர மீட்டருக்கு 7.9 கிலோ, ஜெல்கோட் தனி. அதுல கண்ணாடி நார் மட்டும் 2.85 கிலோ, அதாவது நூத்துக்கு 36. இது கையால போடற வேலைக்கு நல்ல கணக்கு தான், குறை சொல்ல முடியாது. ரெண்டு ரோவிங்குக்கு நடுவுல மேட் இருக்கறதும் சரி, ரோவிங் மேல ரோவிங் நேரா போட்டா நாளைக்கு அது தகடு தகடா பிரியும்.

இப்ப இன்னொரு 450 மேட். 5.3 போய் 6.35 ஆகுது. வளைவுக்கான பலம் தடிமனோட வர்க்கத்துல ஏறும், 1.44 மடங்கு. விறைப்பு தடிமனோட மும்மடில ஏறும், 1.7 மடங்கு. நல்லா தான் இருக்கு. இதுக்கு விலை சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ, 20 சதுர மீட்டர் ஹல்லுனா (போட்டோட உடம்பு) 30 கிலோ.

அதையே வேற மாதிரி பாருங்க. அடிப்பலகைல தாங்கல் இல்லாத இடம் 60 செ.மீ. அகலம்னு வைங்க. நடுவுல ஒரு ஸ்ட்ரிங்கர் (நீளவாக்குல ஓடற தாங்கல்) ஓட விட்டா 30, 30 ஆகுது. அலை வந்து அறையற அதே அழுத்தத்துக்கு ஷெல்லுல (ஹல்லோட சுவர்ல) வர்ற ஸ்ட்ரெஸ் நாலுல ஒரு பங்கு, உள்வாங்கற அளவு பதினாறுல ஒரு பங்கு. நுரைக்கட்டை மேல ரெண்டு 450 மேட் போட்ட தொப்பி ஸ்ட்ரிங்கர் மீட்டருக்கு ஒரு கிலோ கூட வராது. பக்கத்துக்கு ஒண்ணுன்னு 5 மீட்டர் ரெண்டு, மொத்தம் 9 கிலோ.

30 கிலோவுக்கு பலம் 1.44 மடங்கு, 9 கிலோவுக்கு நாலு மடங்கு. ஸ்டாண்டர்டு எழுதினவங்க இத தான் பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்க. "எத்தனை மி.மீ."ன்னு கேட்டா அவங்க திருப்பிக் கேப்பாங்க, "எத்தனை செ.மீ. அகலத்துக்கு?"

ஜூன் 3, சாயங்காலம்
நேத்து அமிழும்னு பயமுறுத்தினேன் இல்ல, அது ஓவர். உக்காந்து போட்டு பார்த்தேன். 7 மீட்டர் போட் தண்ணிய தொடற மட்டத்துல பரப்பு சுமார் 8 சதுர மீட்டர், 1 செ.மீ. அமிழ 80 கிலோ வேணும். 30 கிலோவுக்கு 4 மி.மீ. கூட அமிழாது. ஒரு ஆள் காலை மாத்தி உக்காந்தா இத விட அதிகமா ஆடும். அதனால எடை வாதத்த வாபஸ் வாங்கறேன். 30 கிலோ மேட்டும் ரெசினும் சும்மா வராது, அந்த காசு வாதம் நிக்குது, ஸ்ட்ரிங்கர் வாதம் நல்லாவே நிக்குது. எடை நெஜமாவே உதைக்கறது மேல ஏத்தும்போது தான், ஓரக் கம்பி, கூரை, மேல்தட்டு, அங்கல்லாம் 30 கிலோ கூடினா அது வேற கதை.

ஜூன் 5
"காலிப்பர் வச்சு அளந்தா தெரிஞ்சுடுமே"ன்னு ஒருத்தர் சொல்றார். தெரியாது அண்ணே. காலிப்பருக்கு கண்ணாடியும் ரெசினும் ஒண்ணு. ரெசின ஊத்தி ஊத்தி லேயர் குறைச்சும் 5.3 கொண்டு வரலாம். கண்ணாடி நூத்துக்கு 30 இருந்தா மேட் லேமினேட்டோட இழுவிசை பலம் 85 மெகாபாஸ்கல்னு ஹல் பலத்துக்கான ஐஎஸ்ஓ 12215-5 ஸ்டாண்டர்டு கணக்கு குடுக்குது. 25க்கு இறங்கினா அதே சூத்திரத்துல 67. ஒரே தடிமன், அஞ்சுல ஒரு பங்கு பலம் காணோம். அதனால தான் அந்த ஸ்டாண்டர்டு குறைந்தபட்சம் சொல்ற இடத்துல மி.மீ.ல சொல்லாம சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ காய்ஞ்ச கண்ணாடின்னு சொல்லுது. போட்டோட வேகம், சுமை ஏத்தின எடை, அடியா பக்கமா, இத வச்சு அந்த எண் மாறும். மொதல்ல படிச்சப்ப எனக்கு இது சுத்தி வளைக்கற மாதிரி இருந்துச்சு. துண்டு எரிச்சு பார்த்த அன்னிக்கு தான் புரிஞ்சுது.

அந்த கதைய சொல்லிடறேன். டிரெயின் பிளக்குக்கு (உள்ள தண்ணிய வடிய விடற அடைப்பு) டிரான்சம் ஓரமா ஓட்டை போட்டா ஒரு வட்டத் துண்டு வரும், எல்லாரும் தூக்கி எறிஞ்சுடுவோம். லேப்ல அத உலைல 500, 600 டிகிரில வச்சு எரிச்சு எடை பார்ப்பாங்க, ரெசின் போயிடும், கண்ணாடி நிக்கும், மொதல் எடைக்கும் மிச்ச எடைக்கும் கணக்கு. நான் லேப் எல்லாம் போகல, வெளில காத்தோட்டமா ஒரு தகர டப்பால வச்சு எரிச்சேன், கறுப்புப் புகை, அந்தப் பக்கம் நிக்கவே கூடாது. ஆறின பிறகு பார்த்தா சாம்பல் நிறத்துல ஒரு சின்ன அடுக்கு, தொட்டா உதிரும். இடுக்கி வச்சு ஒவ்வொண்ணா உரிச்சேன், நனைஞ்சு காய்ஞ்ச நோட்டுப் புத்தகத்தோட தாள பிரிக்கற மாதிரி. நார் நாரா வந்தா மேட், பாய் பின்னல் மாதிரி வந்தா ரோவிங். மேட், மேட், ரோவிங், மேட், மேட். அவ்ளோ தான். ஒரு ரோவிங் இல்ல. ஆறு இருக்க வேண்டிய இடத்துல அஞ்சு.

லேமினேட் ஷீட் (போட்ட லேயருக்கு டிக் அடிக்கற தாள்) எடுத்து பார்த்தேன், ஆறுக்கும் டிக் போட்டிருக்கு. டிக் போட்ட கையெழுத்து என்னோடது.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழிச்சு
எப்படி விட்டுச்சுன்னு கேக்காதீங்க, கேட்டுட்டீங்க, சொல்றேன். ரோவிங்க வெட்டி மோல்டு ஓரமா தொங்க விட்டிருந்தோம், டிரான்சம் மூலைல நீளம் பத்தல, "அப்புறம் ஒரு துண்டு வச்சுக்கலாம்"னு மேல மேட் போட்டாச்சு. அந்த அப்புறம் வரவே இல்ல. ஷீட்ட நான் சாயங்காலம் கை கழுவிட்டு மொத்தமா உக்காந்து டிக் அடிச்சேன். லேயர் போட்ட உடனே அடிக்கல. பலம் அதிகமா வேண்டிய மூலைல தான் குறைச்சல். நூறு தடவை "மூலைல டபுள்"னு மத்தவங்களுக்கு கிளாஸ் எடுத்த வாய் இது.

அந்த மூலைய சாண்டர் வச்சு நல்லா தேய்ச்சு, உள்பக்கம் ரெண்டு ரோவிங், நடுவுல மேட், ஓரத்துக்கு ஓரம் 50 மி.மீ. படிப்படியா இறக்கி ஒட்டினேன். தேய்க்காம ஒட்டக் கூடாது. பழைய பாலியஸ்டர் முழுசா இறுகிட்டா புது லேயர் அதோட ரசாயனமா சேராது, பசை மாதிரி மேல உக்காந்திருக்கும், அவ்ளோ தான்.

ஜூன் 6
ஹார்டனர் எத்தனை சதவீதம்னு கேட்டவருக்கு: எம்இகேபி 1 லேர்ந்து 2 சதவீதத்துக்குள்ள, ரெசின் கம்பெனி ஷீட்ல என்ன போட்டிருக்கோ அது. "வெயிலா இருக்கு குறைச்சுக்கலாம்"னு கண்ணால ஊத்தாதீங்க, ஒரு அளவுக்கு கீழ போனா எத்தனை நாள் ஆனாலும் முழுசா இறுகாது. அசிட்டோன் நனைச்ச துணிய வச்சு தேய்ச்சு பாருங்க, பிசுக்குன்னு ஒட்டினா கதை முடிஞ்சுது. கோபால்ட்டையும் (இறுகறத வேகப்படுத்தறது) எம்இகேபியையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட் மொதல்ல ரெசின்ல கலந்து முடிச்ச பிறகு தான் மத்தது. கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி மாட்டுங்க. எம்இகேபி ஒரு சொட்டு கண்ணுல பட்டா பார்வையே போயிடும், இதுல மட்டும் எனக்கு ஜோக் வராது.

ஜூன் 8
எந்த ஸ்டாண்டர்டுன்னு பேசவே இல்லையேன்னு திட்டு வந்துச்சு. சுருக்கமா சொல்றேன், இது எனக்கு போர் அடிக்கற பகுதி.

மீன்பிடி கப்பலுக்குன்னு பேசப்படற பெரிய ஒப்பந்தங்க, 1977 டோரெமோலினோஸ், 2012 கேப் டவுன், எல்லாம் 24 மீட்டரும் அதுக்கு மேலயும். நம்ம 7 மீட்டர் அங்க எட்டிக் கூட பார்க்க முடியாது. நமக்கு பொருந்தறது ஐ.நா. அமைப்புங்க எஃப்ஏஓ (உணவு, வேளாண்மை), ஐஎல்ஓ (தொழிலாளர்), ஐஎம்ஓ (கடல்சார்) மூணும் சேர்ந்து 2012ல வெளியிட்ட பாதுகாப்புப் பரிந்துரை. 12 மீட்டருக்கு கீழ மேல்தட்டு உள்ளது, அப்புறம் எந்த நீளமா இருந்தாலும் மேல்தட்டு இல்லாதது, ரெண்டுக்கும். பேரே பரிந்துரை தான். ஒவ்வொரு நாட்டு சட்டம் அத எவ்ளோ எடுத்துக்குதோ அவ்ளோ. வடக்கு ஐரோப்பால 15 மீட்டருக்கு கீழ உள்ள தொழில் போட்டுக்குன்னு நார்டிக் போட் ஸ்டாண்டர்டு இருக்கு. ஐஎஸ்ஓ 12215 ஹல் பலத்துக்கு, 12217 நிலைத்தன்மைக்கும் மிதப்புக்கும், ரெண்டுமே 24 மீட்டர் வரைக்கும் உள்ள சின்ன போட்டுக்கு. அது பொழுதுபோக்கு போட்ட மனசுல வச்சு பிறந்தது. வலையும் ஐஸும் மீனும் ஏத்திக்கிட்டு தினமும் மணல்ல இழுபடற போட்டுக்கு அத அப்படியே போட்டா பத்தாது. ஏரால தேயறதுக்குன்னே ஒரு பட்டை தனியா ஒட்டி வைக்கணும், தேய்ஞ்சதும் மாத்தற மாதிரி.

நீளம் மட்டும் வச்சு பேசறதும் ஏமாத்து. நீளம், அகலம், ஆழம் மூணையும் பெருக்கி வர்ற எண்ணை வச்சு பார்க்கற வழக்கம் சின்ன மீன்பிடி போட் கணக்குல உண்டு. 7 × 1.9 × 0.8 போட்டா 10.6. 7 × 2.4 × 1.0 போட்டா 16.8. ரெண்டும் "7 மீட்டர் போட்" தான், ஆனா ஒண்ணு தம்பி, ஒண்ணு அண்ணன்.

வாங்கறவர்கிட்ட மொதல்ல கேக்க வேண்டியது, எந்த கடலுக்கு? ஐஎஸ்ஓ பிரிவுல சி-ன்னா 2 மீட்டர் அலை, காத்து 6ஆம் விசை வரைக்கும். டி-ன்னா 0.3 மீட்டர் அலை, அதாவது ஏரி, கழிமுகம். ரெண்டுக்கும் ஒரே பேப்பர்ல கையெழுத்து போட முடியாது.

ஜூன் 9
அன்னிக்கு ஸ்ட்ரிங்கர புகழ்ந்து தள்ளினேன், அதனால ஒருத்தர் "அப்ப நெருக்கமா தடுப்பு வச்சு ஷெல்லை 3 மி.மீ. ஆக்கிடலாமா"ன்றார். அய்யோ வேணாம். குறைந்தபட்ச கண்ணாடி எடைன்னு ஒண்ணு இருக்கறதே இதுக்கு தான். ஷெல் அலைய மட்டும் தாங்கினா போதாது. நங்கூரம் விழும், கல்லு குத்தும், இன்னொரு போட் வந்து இடிக்கும்.

இன்னொண்ணு, தாங்கல எப்படி ஒட்டறோம்ங்கறது. என் மொதல் சொந்த டிசைன்ல (டிசைன்னா என்ன, அட்டைல கோடு) பிளைவுட் தடுப்ப அச்சு அசலா ஷெல் வளைவுக்கு அறுத்து, கத்தி மாதிரி ஷெல்ல முட்ட விட்டு, ரெண்டு பக்கமும் மேட் போட்டு ஒட்டினேன். அழகா இருந்துச்சு. ஒரு சீசன் முடிஞ்சு வந்து பார்த்தா வெளிப்பக்கம் ஜெல்கோட்ல ஸ்கேல் வச்சு போட்ட மாதிரி நேர்கோடு, நகம் மாட்டற அளவு. தடுப்பு எங்கயோ அங்கயே. ஷெல் ரெண்டு பக்கமும் உள்ள வெளிய மூச்சு விடுது, அந்த ஒரு கோட்டுல மட்டும் நகர முடியல, எல்லா வளைவும் அங்க வந்து விழுது. இப்ப தடுப்புக்கும் ஷெல்லுக்கும் நடுவுல ஒரு நுரைப்பட்டை வச்சு, மூலைய புட்டியால உருண்டையாக்கி, அதுக்கு மேல தான் ஒட்டறோம்.

விரிசல பார்த்தே கொஞ்சம் ஜோசியம் சொல்லலாம். நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளிலேர்ந்து கிளம்பினா அங்க ஏதோ இடிச்சிருக்கு. பக்கத்து பக்கத்துல இணையா கோடுகள் ஓடினா அந்த பேனல் அதிகமா வளையுது, தாங்கல் பத்தல.

ஜூன் 11
டிரான்சம். இத எழுத உக்காந்தா நாவல் ஆயிடும். நடுவுல பிளைவுட், ரெண்டு பக்கமும் பைபர், வெளிய பார்க்க கல்லு மாதிரி. இன்ஜின் போல்ட்டுக்கு ஓட்டை போடறான், ஓட்டைக்குள்ள வெறும் பிளைவுட் தெரியுது, கொஞ்சம் சீலன்ட் தடவி போல்ட்ட முறுக்கிடறான். இன்ஜின் அதிர அதிர சீலன்ட் விட்டுடும், தண்ணி உள்ள போகும், வெளிய வர வழி கிடையாது. ரெண்டு மூணு வருஷத்துல ஈரப் பஞ்சு. சுத்தியலால லேசா தட்டிக்கிட்டே போங்க. நல்ல இடம் "டங்"னும், செத்த இடம் "தொப்"னும். காது போதும்.

ஓட்டைய தேவைக்கு மேல பெருசா போடணும், ரெசினும் வெட்டின நாரும் கலந்து முழுசா அடைச்சு இறுக விடணும், அப்புறம் அதோட நடுவுல சரியான சைஸ் ஓட்டை. போல்ட்டுக்கும் மரத்துக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. அரை நாள் வேலை. செய்ய மாட்டோம்.

டிரான்சம் உசரமும் பாருங்க. குட்டை ஷாஃப்ட் இன்ஜினுக்கு 15 அங்குலம், நீள ஷாஃப்ட்டுக்கு 20. குட்டை ஷாஃப்டுக்காக டிரான்சம வெட்டி இறக்கினா பின்னாலேர்ந்து வர்ற அலைக்கு வாசப்படி போட்டு குடுத்த மாதிரி. சுத்தி 70 செ.மீ. ஓரம் வச்சுட்டு பின்னால மட்டும் 38 செ.மீ.ன்னா அந்த போட்டோட ஓரம் 38 தான். அப்படி வெட்டித் தான் ஆகணும்னா உள்பக்கம் தண்ணி உள்ள போகாம திரும்பி ஓடற மாதிரி ஒரு கிணறு (இன்ஜினுக்கு முன்னால தடுப்புத் தொட்டி) கட்டணும்.

ஜூன் 14
மிதப்பு. ஜூன் 2ல 350 கிலோ பைபருக்கு 350 லிட்டர் நுரைன்னு எழுதினேன், யாருமே பிடிக்கல, நானே பிடிச்சுக்கறேன். பைபர் தண்ணிய விட ஒன்றரை மடங்கு தான் கனம். தண்ணிக்குள்ள போனா மூணுல ஒரு பங்கு எடை தான் கீழ இழுக்கும். 350 கிலோவுக்கு 117 கிலோ. இன்ஜின் 50 கிலோன்னா கிட்டத்தட்ட 45ஐ தூக்கணும். நங்கூரம், சங்கிலி, வலையோட ஈயம்னு ஒரு 60. நாலு பேர். இடுப்பு வரைக்கும் தண்ணில உக்காந்திருக்கற ஆளுக்கு பாதி எடைன்னு வச்சு 150 (இது என் கணக்கு, நீங்க கூட்டிக்கோங்க). மொத்தம் 372. கன மீட்டருக்கு 40 கிலோ எடை உள்ள பாலியூரித்தேன் நுரை 1 கன மீட்டர் தன் எடை போக 960 கிலோ தூக்கும். அப்ப 390 லிட்டர். கால் பங்கு கூட வச்சுக்கிட்டா 480, 490. அரை கன மீட்டர்னு ஞாபகம் வச்சுக்கோங்க. பெருசு தான், ஆனா உக்கார்ற பலகைக்கு அடில, அணியத்துல, பக்கச் சுவர்லன்னு பிரிச்சா அடங்கிடும்.

தெர்மோகோல் மலிவா கிடைக்குதுன்னு ஒரு போட்ல வச்சோம், நேரா மேல ரெசின் தடவி மேட் போட்டோம். பாலியஸ்டர் ரெசின்ல இருக்கற ஸ்டைரீன் அத தின்னுடும்னு அப்ப யாருக்கும் தெரியாது. மேல இறுகிடுச்சு, பார்க்க ஜோரா இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு தட்டினா மேளம் மாதிரி சத்தம். திறந்து பார்த்தா பெட்டிக்குள்ள பாதி காத்து, ஓரத்துல சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி கொஞ்சம் பிசுக்கு. பெட்ரோல் பட்டாலும் அதே கதி. வச்சே ஆகணும்னா பிளாஸ்டிக் ஷீட்ல முழுசா சுத்தி ரெசின் படாம வைங்க. பாலியூரித்தேன் கரையாது, ஆனா வெட்டின முகம் திறந்து கிடந்தா வருஷக் கணக்குல தண்ணி குடிக்கும், அதையும் மூடி சீல் பண்ணணும்.

ஜூன் 15
எத்தனை லிட்டர்ங்கறது பாதி கேள்வி. எங்கங்கறது மீதி.

நான் மேல சொன்ன கணக்க கரெக்டா போட்டு ஒரு போட் கட்டினோம், நுரை அரை கன மீட்டர், பெருமை தாங்கல. இடுப்பளவு ஆழத்துல நிறுத்தி, இன்ஜின் எடைக்கு இரும்பும் ஆள் எடைக்கு மூட்டையும் வச்சு, பிளக்க பிடுங்கி தண்ணி விட்டோம். மெதுவா இறங்குச்சு. தண்ணி உள்ள ஒரு பக்கமா ஓட ஆரம்பிச்சதும் பின்பக்கம் இன்னும் இறங்குச்சு, தண்ணி எல்லாம் அங்க ஓடுச்சு, டிரான்சம் அடில போய் தட்டுச்சு, அணியம் மட்டும் வானத்த பார்த்து நிக்குது. மூட்டை எல்லாம் சறுக்கிக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணு. மிதந்துச்சா? மிதந்துச்சு. மூழ்கலன்னு பேப்பர்ல தாராளமா எழுதலாம். அதுல நாலு பேர் ராத்திரி முழுக்க உக்காந்திருக்க முடியுமா? அணியத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் தொங்கலாம்.

நுரைல முக்கால்வாசி முன்னால தட்டுக்கு அடில இருந்துச்சு, ஏன்னா அங்க தான் யாருக்கும் இடைஞ்சல் இல்ல. மிச்சம் தரைக்கு அடில. தரைக்கு அடில வைக்கறது இன்னும் மோசம், தண்ணி நிறைஞ்ச போட்ட அது கீழேர்ந்து தூக்கும், பக்கவாட்டுல பிடிமானம் இருக்காது, ஒரு சின்ன அலைக்கு குப்புற கவுந்துடும், கவுந்த பிறகு ரொம்ப நிம்மதியா அப்படியே மிதக்கும். நுரை ரெண்டு பக்கச் சுவர் ஓரமா, எவ்ளோ மேல முடியுமோ அவ்ளோ மேல, இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் கணிசமா இருக்கணும். பிரிச்சு மாத்தினோம். ரெண்டாவது தடவை தண்ணி விட்டப்ப ஓரம் தண்ணிக்கு மேல ஒரு சாண் நின்னுச்சு, முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். ஒரு பக்கத்து ஓரத்துல ரெண்டு பேர் ஏறி உக்காந்தோம், சாஞ்சுது, கவுழல.

கூட்டின எடை 6 கிலோ. உக்கார இடம் கொஞ்சம் போச்சு, அத வாங்கினவர் இன்னைக்கு வரைக்கும் முணுமுணுக்கறார்.

ஜூன் 19
சரி, பேப்பர் என்ன எழுதித் தர்றதுன்னு மறுபடி கேட்டிருக்கீங்க. "ஸ்டாண்டர்டு படி"ன்னு ஒரு வரி எழுதாதீங்க, எந்த ஸ்டாண்டர்டு, எந்தப் பிரிவு, எவ்ளோ சுமை, எத்தனை குதிரைத்திறன்னு இல்லாம அந்த வரிக்கு அர்த்தமே இல்ல. நான் இப்ப குடுக்கறது மூணு தாள். லேயர் வரிசை, ஒவ்வொரு லேயருக்கும் எத்தனை கிலோ மேட், எத்தனை கிலோ ரெசின், தராசுல வச்சது, அன்னிக்கு ஷெட்ல என்ன டிகிரி, ரெசின் பேட்ச் நம்பர். ரெண்டாவது, தாங்கல்களோட இடைவெளி போட்ட படம். மூணாவது, தண்ணி விட்டு பார்த்த நாள், வச்ச எடை, ஓரம் நின்ன உசரம். அதோட டிரெயின் பிளக் ஓட்டைலேர்ந்து எடுத்த துண்டுல பாதி, கவர்ல போட்டு, போட் நம்பர் எழுதி. பாதி அவருக்கு, பாதி எனக்கு. சண்டை வந்தா எரிச்சு பார்த்துக்கலாம்.

டிக் மட்டும் லேயர் உருட்டி முடிச்ச அந்த நிமிஷமே, ரெசின் கையோட. ஷீட்டெல்லாம் ஒரே பிசுக்கா இருக்கு, பார்க்கவே அசிங்கம். சுத்தமா இருக்கற ஷீட்ட நான் நம்பறதில்ல.

கணக்குப் போட்டு கையெழுத்துப் போட ஒரு நேவல் ஆர்கிடெக்ட்ட (கப்பல் வடிவமைப்பாளர்) பிடிங்க. நான் எழுதறது யார்டு ஆளு கணக்கு, போட் சோதிக்கற சர்வேயர் முன்னாடி என் பேர சொன்னா சிரிப்பார்.

ஜூன் 20
"அப்ப என் 4 மேட் 2 ரோவிங் பாஸா ஃபெயிலா, ஒரு வார்த்தைல சொல்லுங்க." தாங்கல் இடைவெளி எத்தனைன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே அண்ணே!

ஜூன் 22
60 செ.மீ.யாம். ரெண்டு ஸ்ட்ரிங்கர் ஓட்டுங்க, அஞ்சாவது மேட்ட மறந்துடுங்க. டிரான்சம்ல பிளைவுட் இருந்தா ஓட்டை எல்லாம் ஒருக்கா பாருங்க.

நேத்து எறக்கின போட்டோட துண்ட இப்ப தான் எரிச்சேன், கை இன்னும் புகை நாத்தம். மேட், மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட். ஆறு. ரெண்டாவது ரோவிங் மட்டும் 45 டிகிரி சாஞ்சு கிடக்கு, படத்துல அப்படி இல்ல. எப்படி சாஞ்சுதுன்னு காலைல பையன்கிட்ட கேக்கணும்.